மெழுகு கண்டன்சர்

பதினெட்டு வருஷமாகக் கரண்டையே பார்க்காத ரேடியோ அது. பின்பக்கத்து வயரைக்கூட யாரோ அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள். ஆனாலும் தொழில் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! பழைய வால்வு ரேடியோவைத் திறந்தால் முதல் வேலையாக, பெரிய கண்டன்சரின் இரண்டு முனையிலும் ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்து, உள்ளே மிச்சம்மீதி தங்கியிருக்கும் கரண்டை இறக்கிவிட வேண்டும். தேவநேசன் அதைத்தான் செய்தார். படீரென்று நீலப் பொறி ஒன்று பறந்து ஸ்குரூடிரைவரின் நுனி கறுத்துப்போனது.

அவர் கையை உதறிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கண்டன்சர் கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சரிதான். அதன் வேலையே அதுதான். ஒரு நாள் வைத்திருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் வைத்திருக்கும். பதினெட்டு வருஷம் எந்தக் கண்டன்சர் ஐயா வைத்திருக்கும்?

வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஜூலை மாதத்து மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், ஜெகதளா ரோட்டை மூடி, வாசல் வழியாக உள்ளே வந்து, மேஜை விளக்கைச் சுற்றி நின்றது. வீட்டின் முன்னறைதான் அவருடைய ரிப்பேர் கடை. சுவரெல்லாம் பிரித்துப்போட்ட செட்டுகள். எல்லாவற்றிலும் பழைய மெழுகு வாசமும் பூஞ்சை வாசமும் அடிக்கும். இதில் மட்டும் இப்போதுதான் பறித்துக் கூடையில் போட்ட ஈரத் தேயிலைக் கொழுந்தின் வாசம் அடித்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

நல்ல மனிதர், சுத்தமான வேலைக்காரர் என்று குன்னூரில் அவருக்குப் பெயர். தேவநேசன் கை வைத்த செட்டைப் பிரித்த மாதிரியே தெரியாது என்பார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பழைய ரேடியோவின் கண்டன்சர்கள் விரல் பருமனுக்குப் பழுப்பு அட்டைக் குழாய்களாக இருக்கும், இரண்டு வாயும் மெழுகால் அடைத்திருக்கும். கெட்டுப்போனால் மற்ற மெக்கானிக்குகள் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுவார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். குழாயைச் சூடுகாட்டி மெழுகை இளக்கி, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, வேறொரு கண்டன்சரை அதே குழாய்க்குள் செருகி, மறுபடி மெழுகு ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தி மூடுவார். வெளியே பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே இருக்கும். உள்ளே இருப்பது தரமானதா குப்பையா என்று அவருக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாத வருஷம் அது. எஸ்டேட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். துரை பங்களாக்களிலிருந்து பழைய ரேடியோக்கள் மலையிறங்கி வந்தன. வாங்குவதற்குப் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு உள்ளும் புறமும் பழசாகவே தெரிய வேண்டும். ஊரெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது தேவநேசனுக்கு மட்டும் தலைக்கு மேல் வேலை.

ஆனால் இந்த ரேடியோவை நேற்றுக் காலை கொண்டுவந்த ஆள் விற்க வரவில்லை. சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்.

“சுகமா இருக்கீங்களா ஐயா?”

“யாருங்க?”

“தும்பிமலை எஸ்டேட்டு காளிமுத்து. மூக்கம்மா புருசன்.”

தேவநேசன் உட்கார்ந்தபடியே இருந்தார்.

“எஸ்டேட்டு மூடியாச்சு. லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றார் காளிமுத்து. “ஞாயித்துக்கெழம எல்லாரும் லாரியில கீழ எறங்குறோம், திருப்பூருக்கு. போறதுக்கு முந்தி இது ஒருக்காப் பாடணும்னு சனம் ஆசப்படுது. சிலோன்லருந்து கப்பல்ல வாறப்ப மூக்கம்மா மடியில வச்சுக் கொண்டாந்த செட்டு. செஞ்சு தாங்க.”

“ரொம்பப் பழசுங்க. பார்ட்ஸ் கெடைக்கறது...”

“நல்ல கண்டன்சராப் பாத்துப் போடுங்க.” காளிமுத்து கண்ணைச் சிமிட்டவே இல்லை. “எங்க லயத்துப் பழக்கம் கேள்விப்பட்டிருப்பீங்கதானே? அவ போனதுக்குப் பொறகு வந்தது. செட்டு ஓடிக்கிட்டிருக்கிறப்பவே, செஞ்சவரு ஈரக் கைய உள்ள இருக்கிற இரும்புல வச்சுக் காட்டணும். எல்லாரும் பாக்கணும். அப்பத்தான் எந்தச் செட்டும் எங்க வீட்டுக் காம்பராவுக்குள்ள வரும்.”

“அதுக்கென்னுங்க. வெச்சுட்டாப் போச்சு.”

“இல்லாட்டி ஒரு வார்த்த சொல்லிடுங்க ஐயா, எங்க சனத்துக்கு முன்னுக்கு. அன்னிக்கு அந்தக் கண்டன்சர மாத்தினது யாருன்னு. சொல்லிட்டா கை வைக்கத் தேவையில்ல. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. மழையில் இறங்கிப் போய்விட்டார். உள்ளேயிருந்து மகள் ஜீவா எட்டிப் பார்த்தாள். பாலர் பள்ளியில் டீச்சர். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டுக்குப் பேச்சும் சிரிப்பும் எல்லாம் அவள்தான்.

“யாருங்ப்பா அது? இப்புடி நனைஞ்சுட்டுப் போறாரு. உக்காரச் சொல்லி ஒரு டீ குடுத்திருக்கலாமில்ல? ரேடியோவுக்குத்தான் நம்ம ஊட்டுல மரியாதை, மனுசனுக்குக் கெடையாது!”

“கிறுக்கன்மா. நீ உன் வேலையப் பாரு” என்றார் தேவநேசன்.

கிறுக்கனாம்! பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தும்பிமலைத் தொழிலாளர் லயத்துக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் இதே காளிமுத்து இதே செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கெட்டிருந்தது ஒரே ஒரு கண்டன்சர். ஆனால் அது இருந்த இடம்தான் பொல்லாத இடம். வீட்டுக் கரண்ட் வருகிற வயருக்கும் ரேடியோவின் இரும்புத் தட்டுக்கும் நடுவில் உட்காருகிற கண்டன்சர். அது உடைந்து வழிவிட்டால் தட்டு முழுக்கக் கரண்ட். அந்த இடத்துக்கென்று தாங்குகிற சாமான் கோயமுத்தூரிலிருந்து வர நான்கு நாள் ஆகும். தேவநேசன் காத்திருக்கவில்லை. குப்பைப் பெட்டியிலிருந்து பாதிக் கரண்டைக்கூடத் தாங்காத ஒன்றை எடுத்து, பழைய குழாய்க்குள் செருகி, மெழுகு ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தி மூடிக் கொடுத்துவிட்டார். தீபாவளியன்று காலை, குளித்த ஈரத்தோடு வெறுங்காலில் நின்று ரேடியோவைத் திருப்பிய மூக்கம்மாவின் கை அதை விட்டு வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் செட்டைப் பார்த்துச் சொல்ல தேவநேசனையேதான் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் தனியாக விட்டார்கள். அவர் அந்த அட்டைக் குழாயை உரித்து ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தார். உள்ளே இருந்த குப்பையை வெட்டவெளியில், வயர் முறுக்கித் தொங்க, கோணலாக மாட்டிவைத்தார். “பாருங்க சார், இது என் வேலையா? எவனோ அப்புறமாத் தொறந்து முறுக்கி வெச்சிருக்கான்” என்றார். அவர் வேலையின் சுத்தம் ஊருக்கே தெரியும், ஆகவே நம்பினார்கள். அந்த வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்ததும் சேர்ந்துகொண்டது. பெண்டாட்டியைக் கொன்றதாகக் காளிமுத்து ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தார். அவர் வெளியே வந்தபோது பிள்ளைகள் இரண்டும் எங்கே போயின என்று லயத்தில் யாருக்கும் தெரியவில்லை.

தேவநேசன் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, செட்டைத் தலைகீழாகத் திருப்பினார். அந்த இடத்தைப் பார்த்தார். முறுக்கித் தொங்கும் வயரைக் காணோம். பழுப்பு அட்டைக் குழாய் ஒன்று ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மெழுகு பூசி, வாய் அடைத்து, மெழுகின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகையோடு.

அந்தக் குழாயை அவரே கையால் கிழித்துச் சாக்கடையில் எறிந்திருக்கிறார். மழைத்தண்ணீர் அடித்துப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். தன் கட்டைவிரலை அந்த ரேகையின் மேல் வைத்துப் பார்த்தார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மெழுகு இன்னும் சூடாக இருந்தது.

“அப்பா, டீ ஆறுது” என்று உள்ளேயிருந்து ஜீவா கத்தினாள்.

வெள்ளிக்கிழமை அதை வெட்டி எடுத்து, அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். இந்த முறை உயர்ந்த சாமானாகவே போடுவது என்று முடிவு. பெங்களூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்த நீலக் கண்டன்சர்கள் ஏழு இருந்தன. நேராகக் கரண்டின் மேல் உட்காருவதற்கென்றே செய்தவை. கெட்டாலும் வழிவிடாமல் அடைத்துக்கொண்டு கெடும். ஒன்றை மீட்டரில் வைத்துப் பார்த்தார். பத்தரை மாற்று. ஈயம் உருக்கி அந்த இடத்தில் பற்றவைத்தார். மறுபடி மீட்டரை வைத்தார். முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. முழுசாக வழி விட்டிருந்தது.

கழற்றினார். கையில் வைத்து அளந்தால் மறுபடி பத்தரை மாற்று. பற்றவைத்தால் ஓட்டை. இரண்டாவது. மூன்றாவது. மஞ்சு ஜன்னல் கண்ணாடியில் தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது, தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், வால்வு ரேடியோ சூடாகும்போது அடிவயிற்றிலிருந்து வருமே அந்த ‘ம்ம்ம்’ என்ற முனகல், வயரே இல்லாத அந்தச் செட்டிலிருந்து விடாமல் வந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஏழும் தீர்ந்தன.

சரி, அந்த இடத்தில் கண்டன்சரே வேண்டாம் என்று விட்டார். கொஞ்சம் இரைச்சல் கேட்கும், பாட்டு வரும், அதுபோதும். வால்வுகளையும் உருவி வைத்தார். கையில் இருந்த டெஸ்டரின் நுனியைச் சும்மா தட்டில் தொட்டார்.

சிவப்பாக எரிந்தது.

கையில் ஈரம் இருக்கும். துடைத்துக்கொண்டார். வேறு டெஸ்டர். சிவப்பு. வயர் இல்லை. கண்டன்சர் இல்லை. வால்வு இல்லை. சிவப்பு. ஈரக் கொழுந்து வாசத்தோடு இப்போது இன்னொன்றும் கலந்து வந்தது. முடி கருகின வாசம். அந்தத் தீபாவளிக் காலையில் செய்தி கேட்டு ஓடிப்போய் லயத்துக் காம்பராவின் வாசலில் நின்றபோது வந்த அதே வாசம்.

ஒரு வார்த்தை. போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதை நினைக்காமலில்லை. சொன்னால் சர்ச்சில் என்ன பேசுவார்கள்? ஜீவா என்ன நினைப்பாள்? இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர், ஒரு லயத்து ஆளுக்காகப் போவதா? நினைக்க நினைக்கப் பயம் கோபமாக மாறியது. “வந்துட்டான், கேக்கறதுக்கு” என்று காலியான அறையில் பல்லைக் கடித்தார். அந்தக் கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. கட்டிலுக்கு அடியில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடந்தது. இரும்புப் பெட்டி. வீட்டுக் கரண்டை வாங்கி, அதற்கும் மண்ணுக்கும் உள்ள உறவை அறுத்துவிட்டுத் தருகிற சாமான். அதன் வழியாக ரேடியோ ஓடினால், ஒற்றைக் கையால் எதைத் தொட்டாலும் உடம்பு வழியாக இறங்காது. ஸ்டெபிலைசர் என்று சொல்லிவிடலாம், லயத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை, செட்டுக்குப் புது வயர் கட்டி, வால்வுகளை மாட்டி, அந்தப் பெட்டி வழியாக ஓடவிட்டு டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. மூன்று முறை வைத்தார். எரியவே இல்லை. முனகல்கூட நின்றிருந்தது. தேவநேசன் நாற்காலியில் சாய்ந்து, நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

“என்னுங்ப்பா, மூஞ்சியில வெளிச்சம்? பாடிருச்சா?” ஜீவா துவைக்கிற துணிகளை வாரிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். “சீக்கிரம் வந்துருங். சாயங்காலம் பஜ்ஜி போடறேன். லேட்டாச்சுன்னா நானே தின்னுபோடுவேன், அப்புறம் சொல்லலீன்னு சொல்லக்கூடாது.”

தும்பிமலை லயத்துக்கு வாடகை ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. லாரி நின்றுகொண்டிருந்தது. பாய்ச்சுருள், பாத்திர மூட்டை, கதவைக்கூடக் கழற்றி ஏற்றியிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் ஒரு சத்தமில்லாமல் சுற்றி நின்றார்கள். பெஞ்சின் மேல் ரேடியோ, கீழே இரும்புப் பெட்டி. பின்பக்கம் திறந்து, இரும்புத் தட்டு தெரிந்தது. காளிமுத்து செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து அவர் வலது கையில் ஊற்றினார்.

“கடைசியாக் கேக்குறேன் ஐயா. ஒரு வார்த்த.”

“நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

கையை வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. சில்லென்று இரும்பு, அவ்வளவுதான். ரேடியோ கரகரத்து, சூடாகி, ஒரு பெண்குரல் பாட ஆரம்பித்தது. கூட்டத்தில் நாலைந்து பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தேவநேசன் உள்ளங்கையை இன்னும் நன்றாக அழுத்திக் காட்டினார். அப்போதுதான் அது நடந்தது. தட்டின் மறுபக்கத்தில் இவ்வளவு நேரமும் அவர் கையோடு கை ஒட்டி வைத்திருந்த யாரோ, மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்கள். இரும்பின் வழியாக அதை அவர் உணர்ந்தார்.

மூக்கம்மாவின் அக்கா தெய்வம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். “இது என்னத்துக்கு?”

“ஸ்டெபிலைசருங்க. இங்கத்திக் கரண்டு ஏத்த எறக்கமா இருக்குமில்ல. ஆபத்து வேண்டாம்னு...”

“அப்ப உங்க மேல எறங்காது.”

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கயாச்சும் எறங்கித்தானே ஆகணும்” என்றாள் கிழவி. கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவர்கள் செட்டை நிறுத்தி, சாக்கில் சுற்றி, லாரியில் ஏற்றினார்கள். காளிமுத்து ஏறும்போது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரி புறப்படுவதற்கு முன்பே தேவநேசன் ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

ரோட்டு முனையில் இறங்கியபோது ஐந்தரை. மஞ்சு பத்தடிக்கு மேல் கண்ணை விடவில்லை. டீக்கடையில் மெழுகுவத்தி எரிந்தது.

“கரண்டு எப்பங்க போச்சு?”

“மூணு மணியிருக்குமுங்க. இந்த லைன் பூராவும் இல்லீங்க” என்றார் கடைக்காரர்.

வீடு திறந்து கிடந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. அரிந்த வாழைக்காய் தட்டில் கறுத்திருந்தது. “ஜீவா!” என்று கூப்பிட்டார். வீட்டுக்குள் அந்த முனகல் இருந்தது. ம்ம்ம். சுவரிலிருந்தா, தரையிலிருந்தா என்று தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே பின்கட்டுக்குப் போனார்.

பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே துணி காயப்போடுகிற இரும்புக் கம்பி. அதற்கும் வீட்டுக் கரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜீவா அதன் அடியில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஈரப் போர்வை கம்பியில் தொங்கியது. காற்றே இல்லை. போர்வை நடுங்கியது.

“ஏம்மா, மஞ்சுல நின்னுட்டு? துணிய எடுத்துட்டு உள்ள வா.”

அவள் திரும்பவில்லை. கிட்டே போனார். அவள் குதிகால் தரையில் படவில்லை. சுற்றி முன்னால் போனார். பல் கிட்டித்திருந்தது. தாடை நடுங்கியது. கண் மட்டும் நகர்ந்து அவரைப் பார்த்தது. முடி கருகின வாசம்.

தொடக்கூடாது. தொட்டால் நீயும் ஒட்டிக்கொள்வாய். அதுதான் தொழிலின் முதல் பாடம். உள்ளே ஓடினார். மெயின் பியூஸைப் பிடுங்கினார். கரண்ட் இல்லாத வீட்டின் பியூஸ். அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடிவந்தார். அவள் அப்படியே நின்றாள். மூங்கில் கழியை எடுத்துக் கம்பியை ஓங்கி அடித்தார். அறுந்தது. இரண்டு பக்கமும் அறுந்து கம்பி சேற்றில் விழுந்தது. போர்வை விழுந்தது. முழம் நீளத் துண்டுக் கம்பி மட்டும் அவள் கையில் இருந்தது. எதிலும் மாட்டாத கம்பி. அவள் இன்னும் நடுங்கினாள். கை இன்னும் மேலேதான் இருந்தது.

“நான்தான்!” தேவநேசன் சேற்றில் மண்டிபோட்டுக் கத்தினார். “நான்தான் மாத்துனேன்! மூக்கம்மாவ நான்தான் கொன்னேன்! அவன் மேல பொய் சொன்னது நான்தான்! கேக்குதா? போதும், விட்டுரு, போதும்!”

மஞ்சுக்குள் அதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. கீழே கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஒன்று கியர் மாற்றி மாற்றி இறங்கிப்போகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

ஜீவா மட்டும் கேட்டாள். நடுங்கிக்கொண்டிருந்த அவள் கண்கள் அவர் முகத்தில் வந்து நின்றன. இவர் யார் என்று புரிந்துகொண்டு பார்த்தன. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள், ஒவ்வொன்றாக, இன்னும் இறுகின.